குழந்தைக்கு முதுகுத்தண்டு நரம்பு ஆபரேஷனா? மலையில இருந்து இறங்குறதுக்கு முன்னாடி மயக்க டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது

முதல் தடவை எங்க பையன் ஆபரேஷன் நின்னு போனது ஒரே ஒரு வர்க்கி பிஸ்கட்டால. காலைல 7 மணிக்கு கோயம்புத்தூர்ல இருக்கணும்னு கோத்தகிரில இருந்து ராத்திரி 3 மணிக்கே வண்டி எடுத்தோம், நான் முன் சீட்ல தலைசுத்தலோட உக்காந்திருக்கேன், பின்னாடி எங்கம்மா பேரனை மடில போட்டுட்டு வராங்க, குஞ்சப்பனை தாண்டும்போது அவன் பசிக்குதுன்னு சிணுங்கியிருக்கான், அம்மாயிக்கு மனசு கேக்குமா, பையில இருந்த வர்க்கியை ஃபிளாஸ்க் டீல தொட்டு ஊட்டி விட்டுட்டாங்க. எனக்கு இது தெரியவே தெரியாது. தியேட்டர் வாசல்ல மயக்க டாக்டர் குனிஞ்சு அவன் பேரைக் கேட்டவங்க, சட்டைக் காலர் மடிப்புல ஒட்டியிருந்த துகளை விரல்ல எடுத்துப் பார்த்து "இது என்ன தம்பி"ன்னாங்க. "அம்மாயி குடுத்துச்சு"ன்னான். அவ்வளவுதான், அன்னைக்கு கேஸ் கேன்சல்.

அன்னைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஒரு வர்க்கிக்காகவா ஒன்றரை மாசம் தள்ளிப் போடுவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் அதே டாக்டர் உக்கார வச்சு விளக்கினாங்க: மயக்கம் குடுத்ததும் இருமல், விழுங்குறது எல்லாம் நின்னு போயிடும், வயித்துல இருக்கிறது மேல எதுக்களிச்சு வந்தா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும், பெரியவங்களே தாங்க மாட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னு ஓடி வந்த கேஸ்னா வேற வழியில்லாம பண்ணுவாங்க, நாள் குறிச்சுப் பண்ற ஆபரேஷன்ல அந்த ரிஸ்க்கை எடுக்க மாட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்.

அதுல இருந்து எங்க மலைல யார் வீட்டுல குழந்தைக்கு ஆபரேஷன்னாலும் எனக்குத்தான் போன் வருது. எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "சர்ஜன் யாரு, கைராசியா"ன்னுதான். மயக்க டாக்டர் யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. ஆனா நாலஞ்சு மணி நேரம் உங்க குழந்தையோட மூச்சு, பிரஷர், ரத்தம், சூடு எல்லாத்தையும் கைல புடிச்சிட்டு உக்காந்திருக்கிறது அவங்கதான், அவங்களுக்கு வேணுங்கிற தகவல்ல பாதி ஸ்கேன்ல இருக்காது, அம்மா அப்பா வாயிலதான் இருக்கு. அதான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, உங்க ஆஸ்பத்திரில சொல்ற நேரமும் அளவும்தான் உங்களுக்குக் கணக்கு.

எங்க பையனுக்கு இருந்தது டெதர்ட் கார்டு. தண்டுவடத்தோட கீழ் நுனி இடுப்புக்கு மேல ஃப்ரீயா ஆடிட்டு இருக்கணும், இவனுக்கு ஒரு கொழுப்பு நாரு கீழயே இழுத்துப் புடிச்சிருந்துச்சு, உயரமா வளர வளர நரம்பு இழுபட்டுட்டே இருக்கும். பிறந்தப்பவே முதுகுக்குக் கீழ கொத்தா முடி இருந்துச்சு, மச்சம்னு நினைச்சு விட்டுட்டோம். படுக்கைல ஒண்ணுக்குப் போறது நின்ன பையன் 5 வயசுல திரும்ப ஆரம்பிச்சான், ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேயுது, அப்புறம்தான் எம்ஆர்ஐ. சின்னக் குழந்தை அரை மணி நேரம் அசையாம படுக்காதுன்னு அந்த எம்ஆர்ஐக்கே மயக்கம் குடுப்பாங்க, அதனால அதுக்கும் இதே பட்டினி, இதே விசாரிப்பு, ஸ்கேன்தானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. இதுல இன்னொரு வகை இருக்கு, மூளை வாதம் வந்து கால் விறைச்சுப் போற குழந்தைகளுக்கு உணர்ச்சி நரம்பு வேர்ல சிலதை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டுறது, ரைசாட்டமின்னு சொல்வாங்க. ரெண்டுலயும் மயக்க விஷயம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னாடி மயக்க மருந்து பிட்னஸ்னு ஒரு நாள் வரச் சொல்வாங்க. பலபேர் இதை ஒரு சீல் வாங்குற வேலைன்னு நினைச்சு தாத்தாவை அனுப்பி வைக்கிறாங்க, தயவுசெஞ்சு அம்மா போங்க, இல்ல குழந்தையை தினமும் பார்த்துக்கிறவங்க போங்க. பழைய சீட்டு, மாத்திரை அட்டை, ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டுக் கொண்டு போங்க.

முதல்ல சளி. நம்ம ஊருக் குழந்தைங்களுக்கு ஜூன்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மூக்கு ஒழுகிட்டேதான் இருக்கும், அதனால நமக்கே அது கண்ணுல படுறதில்ல. பனில மூக்குல தண்ணி மாதிரி ஒழுகுறது வேற, பச்சை மஞ்சளா கெட்டிச் சளி, காய்ச்சல், நெஞ்சுல கீச்சு சத்தம், ராத்திரி இருமல் இதெல்லாம் வேற. சளி புடிச்ச மூச்சுக்குழாய் சட்டுனு இறுகிக்கும், மயக்கத்துல டியூப் போடும்போதும் எடுக்கும்போதும் அதுதான் பெரிய தலைவலி, அதனால ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் கூடத் தள்ளிப் போடச் சொல்லலாம். இங்க ஒரு பழக்கம் இருக்கு, தேதி போயிடுமேன்னு முந்தின நாள் சிரப்பை ரெண்டு மூடி ஊத்தி, நெஞ்சுல நீலகிரி தைலம் தேச்சு சளியை மறைச்சுக் கூட்டிட்டுப் போறது. மறைக்காதீங்க. வீட்டுக்குள்ள கரி அடுப்பு வச்சு குளிர் காயுறீங்களா, யாராவது பீடி சிகரெட் புடிக்கிறாங்களா, அதையும் சொல்லுங்க, புகையில வளர்ற குழந்தைக்கு இந்த மூச்சுக்குழாய் இறுகுற தொல்லை கூடுதலா வரும். எங்க வீட்டுல ஒரு மாசம் முன்னாடியே கரி அடுப்பைத் தூக்கி வெளிய வச்சுட்டோம், அப்பா வாசலுக்குக் கூட இல்ல, ரோட்டுக்குப் போய் புடிச்சிட்டு வந்தாரு.

ரெண்டாவது, ரப்பர் அலர்ஜி. இதை எங்ககிட்ட கேட்டப்ப நான் சிரிச்சேன். ஆனா முதுகுத்தண்டு சரியா மூடாம பிறந்த குழந்தைங்களுக்கு, அதுலயும் பலதடவை ஆபரேஷன் ஆன, தினமும் ட்யூப் வச்சு ஒண்ணுக்கு எடுக்கிற குழந்தைங்களுக்கு லேட்டெக்ஸ் ஒத்துக்காமப் போறது மத்தவங்களை விட ரொம்ப அதிகம், கையுறைல ஆரம்பிச்சு கத்தீட்டர் வரைக்கும் தியேட்டர்ல லேட்டெக்ஸ் இருக்க வாய்ப்புள்ள பொருள் நிறைய. மயக்கத்துல இருக்கிற குழந்தை அரிக்குதுன்னு சொல்லாது, நேரா பிரஷர்தான் கீழ விழும். பலூன் ஊதினா உதடு தடிக்குதா, பல் டாக்டர் கையுறை பட்டு வாய் சிவந்துச்சா யோசிச்சுப் பாருங்க. வாழைப்பழம், கிவி, பட்டர் ஃப்ரூட் சாப்பிட்டு வாய் அரிச்சாலும் சொல்லணும், அந்தப் பழங்களுக்கும் ரப்பருக்கும் ஒரே மாதிரி புரதம் இருக்கு. பர்லியார் பக்கம் பட்டர் ஃப்ரூட் கொட்டிக் கிடக்கு, நம்ம குழந்தைங்க திங்காம இருக்காது, அதனால நம்ம மலைக்காரங்களுக்கு இது சுலபமா தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம். சந்தேகம்னு சொன்னாலே போதும், லேட்டெக்ஸ் இல்லாத சாமான் வச்சு முதல் கேஸா எடுப்பாங்க.

மூணாவது, சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய். இதை நம்ம மாவட்டத்து ஆளுங்க தனியா கவனிக்கணும், ஏன்னா இந்தியாவுல இந்த நோயை முதன்முதலா 1952ல கண்டுபிடிச்சதே நீலகிரி மலை ஜனங்ககிட்டதான். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்கள்ல இருக்கு. கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரில ரொம்ப வருஷமா இவங்களைப் பார்த்துட்டு வராங்க, 2023ல மத்திய அரசும் இதுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு டெஸ்ட் பண்ணி அட்டை குடுக்கிறாங்க. அந்த அட்டை இருந்தா பிட்னஸ் அன்னைக்கு மேஜை மேல வைங்க. குளிர், தண்ணி வத்துறது, ஆக்சிஜன் குறையுறது இந்த மூணுல எது வந்தாலும் ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு அடைச்சுக்கும், ஆபரேஷன் தியேட்டர்ல மூணுமே நடக்கலாம். முன்னாடியே தெரிஞ்சா பட்டினி நேரத்துல டிரிப்ஸ் போட்டு, உடம்பைச் சூடா வச்சு, தேவைன்னா ரத்தம் ஏத்தித் தயார் பண்ணுவாங்க. டெஸ்ட்டே எடுக்கலன்னா வாயைத் திறந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்க, கீழ இருக்கிற ஆஸ்பத்திரில நீங்க எந்த ஊரு எந்தக் குடும்பம்னு அவங்களா யோசிக்க மாட்டாங்க.

அப்புறம் குடும்பக் கதை. சொந்தத்துல யாராவது மயக்க மருந்துல எந்திரிக்காம ரொம்ப நேரம் மிஷின்ல இருந்தாங்களா, மயக்கத்துல உடம்பு தீயா கொதிச்சு சீரியஸ் ஆச்சா, காரணம் தெரியாம தியேட்டர்லயே இறந்தாங்களா. டியூப் போடுறதுக்காக தசையைத் தளர வைக்க ஸ்கோலின்னு ஒரு ஊசி போடுவாங்க, சிலபேர் உடம்புல அது சீக்கிரம் கரையாது, சாதாரணமா சில நிமிஷத்துல திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கா வராது, ஆரிய வைசியர் குடும்பங்கள்ல இது கொஞ்சம் கூடுதல்னு நம்ம நாட்டு டாக்டர்களே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. பெரியப்பா விஷயத்தை எதுக்கு இப்ப பேசணும்னு வீட்டுல பெருசுங்க தடுப்பாங்க, பேசுங்க.

ஆடுற பல்லு. 6, 7 வயசுப் பிள்ளைக்கு ஒரு பல்லாவது ஆடும், டியூப் போடும்போது கழண்டு உள்ள போயிடக்கூடாது. இந்த ஆபரேஷன்ல நரம்பு சோதிக்க கரண்ட் குடுக்கும்போது தாடை வெட்டிக் கடிக்கவும் செய்யும், அதனால பல்லுக்கு நடுவுல மெத்துனு துணிக்கட்டை வைப்பாங்க. எங்க பையனுக்கு கீழ்ப்பல் ஒண்ணு நூல்ல தொங்குற மாதிரி ஆடிட்டு இருந்துச்சு, மயக்கம் குடுத்ததும் முதல் வேலையா அதை எடுத்து சின்ன பாட்டில்ல போட்டு பேர் ஒட்டி எங்ககிட்ட குடுத்துட்டாங்க, அவனுக்கு ஆபரேஷனை விட அதுதான் பெருமை.

வலிப்பு மாத்திரை சாப்பிடுற குழந்தைன்னா நீங்களா நிறுத்தாதீங்க, அன்னைக்குக் காலைல ஒரு வாய் தண்ணில குடுக்கணுமான்னு கேட்டுக்கோங்க. நாட்டு மருந்து, லேகியம் எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமான்னு எல்லா அம்மாவும் கேப்பாங்க, நானும் கேட்டேன். 2016ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டாங்க, 3 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு 3 மணி நேரத்துக்கு மேலயோ திரும்பத் திரும்பவோ குடுக்கிறதா இருந்தா யோசிக்கணும்னு. கைக்குழந்தைங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு தடவை குடுத்துட்டு 5 வயசு வரைக்கும் பார்த்த பெரிய ஆராய்ச்சில புத்தில எந்த வித்தியாசமும் தெரியல. எங்க டாக்டர் சொன்னது, நரம்பு இழுபட்டு கால் போனா திரும்ப வராது, அதோட இதை வச்சு எடை போட்டுப் பாருங்கன்னு. நான் பார்த்தேன், கையெழுத்து போட்டேன்.

இனி இறங்குற விஷயம். ராத்திரியோட ராத்திரியா இறங்காதீங்க, முந்தின நாள் மதியமே இறங்கிடுங்க. கொண்டை ஊசி வளைவுல குழந்தை வாந்தி எடுத்தா தண்ணி வத்திப் போகும், மழை மாசத்துல மண் சரிஞ்சா ரோடு அடைச்சுக்கும், பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனைல யானை குறுக்க நின்னா அது நகர்ந்தாதான் நீங்க நகர முடியும். நாங்க ரெண்டாவது தடவை மலைக்குக் கீழ காரமடைல சித்தி வீட்டுல தங்கினோம்.

பட்டினிக் கணக்கு பொதுவா இப்படி: சோறு, இட்லி, பிஸ்கட், பசும்பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிஞ்ச தண்ணி 1ல இருந்து 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். தெளிஞ்சதுன்னா டம்ளர் வழியா அந்தப் பக்கம் தெரியணும், பால் டீ, ஹார்லிக்ஸ், கஞ்சித் தண்ணி எதுவும் அதுல சேராது. ராத்திரி 10 மணில இருந்து தண்ணி கூட குடுக்காம காயப் போடுறதும் தப்புதான், குழந்தை துவண்டு போய் ஊசி போட நரம்பே கிடைக்காது, எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடுக்கலாம்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க. அந்தச் சீட்டை பாட்டிக்கும் படிச்சுக் காட்டுங்க. குழந்தையோட ஒரே ரூம்ல யாரும் சாப்பிடாதீங்க, பைல திங்கிற சாமானே வைக்காதீங்க.

தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க, தலைலயும் முதுகுலயும் ஒட்டுற பட்டை வழுக்கிடும். மை, நகப் பாலிஷ், மருதாணி வேண்டாம், விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப் சரியா காட்டணும். அரைஞாண் கயிறு, தாயத்து, வெள்ளிக் கொடி எல்லாம் கழட்டணும், முதுகுலதான் வேலை, கரண்ட் வச்சு ரத்தம் அடைப்பாங்க, உலோகம் இருந்தா சுட்டுடலாம். எங்கம்மா அரைஞாணை அறுக்கவே விடல, கடைசில நர்ஸம்மாவே "உங்க கைல கட்டிக்கோங்கம்மா, அவன் வெளிய வந்ததும் திரும்பக் கட்டலாம்"னாங்க, அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

காலைல எடை. எல்லா மருந்தும் கிலோ கணக்குதான், அதனால அன்னைக்கு எடுத்த எடை சீட்டுல இருக்கான்னு நீங்களே பாருங்க. எங்க ஃபைல்ல எட்டு மாசத்துக்கு முந்தின 13.5 கிலோவே அப்படியே எழுதியிருந்துச்சு, பையன் அப்ப 16 கிலோ. நான் சொன்னதும் முகம் சுளிக்காம மாத்தினாங்க. ரத்தக் கணக்கும் இதுல இருந்துதான், 16 கிலோ குழந்தை உடம்புல மொத்த ரத்தமே 1.2 லிட்டர் பக்கம்தான் இருக்கும்.

வாசல்ல, உள்ள, முடிச்சதும்னு மூணு இடத்துல எல்லாரும் நின்னு ஒரு லிஸ்ட்டை சத்தமா படிப்பாங்க, 2008ல உலக சுகாதார நிறுவனம் கொண்டு வந்தது. பேரென்ன, எந்த ஆபரேஷன், அலர்ஜி உண்டா, ஆன்டிபயாடிக் போட்டாச்சா, முடிஞ்சதும் பஞ்சு ஊசி எண்ணிக்கை சரியா. குழந்தைக்கு கிலோவுக்கு 7 மில்லிக்கு மேல ரத்தம் போக வாய்ப்பிருக்கான்னும் அதுல ஒரு கேள்வி இருக்கு, 16 கிலோவுக்குக் கணக்கு போட்டா 112 மில்லி, டீக்கடை கிளாஸ் ஒண்ணு. பத்தாவது தடவையா உங்க பையன் பேரைக் கேக்கும்போது எரிச்சல் வரும், பதில் சொல்லுங்க. பிட்னஸ் அன்னைக்கே நீங்க கேக்க வேண்டியதும் இருக்கு: குழந்தைங்களுக்கு வழக்கமா மயக்கம் குடுக்கிறவங்கதானா, ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு வேலை செய்யுதான்னு பார்க்கிற மானிட்டர் வைக்கிறாங்களா, ரத்தம் ரெடியா இருக்கா, ராத்திரி ஐசியூல யார் இருப்பாங்க.

சில ஆஸ்பத்திரில மயக்கம் வர்ற வரைக்கும் அம்மாவை உள்ள விடுவாங்க. மாஸ்க் வச்சதும் திமிறும், கண்ணு மேல சொருகும், அப்படியே கை தொங்கிடும், பார்க்க பயங்கரமா இருக்கும், அது சாதாரணம்தான், அழாம வெளிய வந்துடுங்க. அதுக்கப்புறம்தான் ஊசி, டியூப் எல்லாம். இந்த ஆபரேஷன்ல ஒரு விசேஷம், எது நாரு எது நரம்புன்னு தெரிஞ்சுக்க கரண்ட் குடுத்து கால் தசையும் ஆசனவாய்த் தசையும் துடிக்குதான்னு பார்ப்பாங்க, அதனால தசையைத் தளர வைக்கிற மருந்தை ஆரம்பத்துல டியூப் போட மட்டும் குடுத்தாலும் அப்புறம் நிறுத்திடுவாங்க, மயக்க வாயுவையும் குறைச்சுட்டு புரோபோபால் மாதிரி மருந்தை டிரிப்ஸ்லயே ஓட விடுவாங்க. அசையக்கூடாது, ஆனா தசை துடிக்கணும், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஓட்டுறதுதான் மயக்க டாக்டர் வேலை. குப்புறப் படுக்க வச்சு வயிறு அழுந்தாம தலகாணி குடுத்து, கண்ணை மூடி ஒட்டி, சூடு காத்து விடுற போர்வை போடுவாங்க.

வெளிய வரும்போது முகம் வீங்கிக் கண்ணு சுருங்கி வேற குழந்தை மாதிரி இருக்கும். குப்புறப் படுத்ததால வந்த வீக்கம், வத்திடும். அரை மணி நேரம் உங்களையே தெரியாத மாதிரி உதைச்சு அலறலாம், அதுவும் மயக்கம் தெளியுற கோலம். ரெண்டு மூணு நாள் தட்டையா படுக்க வைப்பாங்க, தலையைத் தூக்கினா மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கிற தண்ணி தையல் வழியா கசியும்னு பயம். திருப்பும்போது தோளும் இடுப்பும் ஒண்ணா மரக்கட்டை மாதிரி உருட்டணும், சிஸ்டர் பண்றப்ப பார்த்துக் கத்துக்கோங்க. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், முக்க விடாதீங்க, முதல் நாளே மருந்து கேளுங்க. வலி மருந்தை அழுத பிறகு குடுக்காம நேரத்துக்குக் குடுக்கச் சொல்லுங்க.

வீட்டுக்கு விட்டதும் உடனே மலையேறாதீங்க. கட்டுல தெளிஞ்ச தண்ணி மாதிரி ஈரம், தையலுக்குக் கீழ மெத்துனு வீக்கம், உக்காந்தா தலைவலி படுத்தா சரியாகுறது, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கால் பலம் குறையுறது, ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே திரும்ப ஓடணும், ராத்திரி 11 மணிக்கு கோத்தகிரில இருந்து ஓடுறதும் காரமடைல இருந்து ஓடுறதும் ஒண்ணா? நாங்க தையல் பிரிக்கிற வரைக்கும் 12 நாள் சித்தி வீட்டுலயே இருந்தோம். ஏறுற அன்னைக்கு பின் சீட்டுல மெத்தை போட்டு ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வளைவுக்கு வளைவு இடுப்பைப் புடிச்சிட்டு, நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி கட்டு நனைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டே வந்தோம். அம்மாயி இந்தத் தடவை வர்க்கிப் பாக்கெட்டை என் கைல குடுத்து, "நீயே எப்பக் குடுக்கணுமோ குடு"ன்னுட்டு முன் சீட்ல ஏறிக்கிட்டாங்க.